கடலுக்குப் போகும் பாதி வெப்பம்

மஞ்சோங்கில் நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தால், அதில் நான்கு பங்குதான் மின்சாரமாகி நம் வீடுகளுக்கு வருகிறது. ஏறக்குறைய ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. மிச்சம் ஐந்து பங்கு, அதாவது பாதி, மலாக்கா நீரிணையின் கடல்நீரைச் சூடாக்குவதில் முடிகிறது. இத்தனைக்கும் இது நாட்டின் புதிய, தரமான நிலக்கரி மின் நிலையங்களின் கணக்கு. பழைய நிலையங்களின் கணக்கு இதைவிட மோசம்.

இதைக் கேட்டதும் பலர் கொதித்துப் போகிறார்கள். “இவ்வளவு வீணடிக்கிறார்களே, பொறியாளர்கள் என்னதான் செய்கிறார்கள்?” என்று கேட்கிறார்கள். அந்தக் கோபம் தவறான இடத்தில் விழுகிறது என்பது என் கருத்து. கடலுக்குப் போகும் பாதியில் பெரும்பகுதியை யாராலும் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது ஒருசில விழுக்காடுதான். ஆனால் அந்த ஒருசில விழுக்காட்டின் மதிப்பு நாம் நினைப்பதைவிடப் பெரியது. இன்னொன்றும் உண்டு. மிஞ்சும் வெப்பத்துக்கு வேலை கொடுக்கும் தொழில் ஒன்று நம் பேராக்கிலேயே, பால்மரங்கள் நின்ற அதே தோட்டங்களில், பல காலமாக நடந்துவருகிறது. அதை நாம் பெரிதாக மதிப்பதே இல்லை.

முதலில் இந்த ‘வீணாதல்’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வோம். பள்ளியில் நீங்கள் ‘கெசெகாப்பான்’ என்று படிக்கும் பயனுறுதிறன், பெரும்பாலும் ஐந்தாம் படிவத்து மின்மாற்றிப் பாடத்தில்தான் வரும். உள்ளே போகும் ஆற்றல் எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று கணக்குப் போடுவீர்கள். கம்பியின் மின்தடை, இரும்பு உள்ளகத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் என்று இழப்புக்கான காரணங்களை எழுதுவீர்கள். தடித்த கம்பி போட்டால் இழப்பு குறையும். உள்ளகத்தைத் தகடு தகடாக அடுக்கினால் இன்னும் குறையும். பெரிய மின்மாற்றிகள் 99 விழுக்காட்டையே தொடுகின்றன. இதையே திரும்பத் திரும்பப் படிக்கும்போது, இழப்பு என்றாலே செய்தவரின் குறை, நன்றாகச் செய்தால் 100ஐ நெருங்கிவிடலாம் என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அனல்மின் நிலையத்தைப் பார்த்தால் எல்லாமே கோணலாகத்தான் தெரியும்.

புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுக்கும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வாணலி, கீழே நெருப்பு. தீயின் கணிசமான பகுதி வாணலியைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும். பக்கத்தில் நிற்பவருக்கு வியர்த்துக் கொட்டும். இது மின்மாற்றி வகை இழப்பு. அடுப்பைச் சரியாகக் கட்டினால் குறைக்கலாம். மின் நிலையத்தின் கொதிகலனில் இந்த வகை இழப்பு ஏற்கெனவே அடக்கப்பட்டுவிட்டது. பல மாடி உயரக் கொதிகலனின் உட்சுவர் முழுக்க நீர்க்குழாய்கள். வெளியேறப் போகும் புகையின் சூட்டைக்கூட விடாமல் பிடித்து, உள்ளே வரும் காற்றையும் நீரையும் சூடாக்குகிறார்கள். நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு நீருக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த வீட்டு அடுப்பும் அதன் பக்கத்தில் வர முடியாது.

அப்படியானால் பாதி வெப்பம் எங்கே கைநழுவுகிறது? நீருக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

1824ஆம் ஆண்டில், 28 வயதே ஆன சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நெருப்பின் இயக்கு ஆற்றலைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெப்பம் வேலை செய்ய வேண்டுமென்றால் அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்க வேண்டும். இறங்கும் வழியில்தான் அதிலிருந்து வேலையை வாங்க முடியும் என்பது அவருடைய கருத்து. மேலிருந்து கீழே விழும் நீரை அவர் உவமையாகச் சொன்னார். நமக்கு அதைப் புரிந்துகொள்ள பேராக் ஆற்றின் செண்டரோ அணை இருக்கிறது. அணையில் தேங்கிய நீர் கீழே உள்ள ஆற்றுமட்டம் வரை விழுந்து சுழலியைச் சுற்றுகிறது. ஆற்றுமட்டத்துக்கும் கீழே, கடல்மட்டம் வரைக்கும் இன்னும் உயரம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் அந்த உயரம் நமக்குப் பயன்படாது. நீர் ஆற்றோடு போய்த்தான் ஆக வேண்டும். அதற்காக அணையைக் கட்டியவரைத் திட்ட மாட்டோம்.

அனல்மின் நிலையத்தில் ‘ஆற்றுமட்டம்’ என்பது கடல்நீரின் வெப்பநிலை. நம் கடல் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ். இயற்பியலில் வெப்பநிலையின் உண்மையான அடிமட்டம் கழித்தல் 273 பாகை. 30க்கும் அந்த அடிமட்டத்துக்கும் இடையே உள்ள உயரம் முழுவதும் நமக்கு எட்டாதது. கணக்கைப் போட்டே பாருங்கள். வெப்பநிலைகளைக் கெல்வினுக்கு மாற்றுங்கள். 600 பாகை நீராவி 873 கெல்வின். 30 பாகைக் கடல் 303 கெல்வின். 303ஐ 873ஆல் வகுத்து, வருவதை 1இலிருந்து கழியுங்கள். 0.65 வரும். உராய்வே இல்லாத, கசிவே இல்லாத, கற்பனையில் மட்டுமே இருக்கக்கூடிய எந்திரத்துக்கே உச்சவரம்பு 65 விழுக்காடுதான்! ஆகவே மஞ்சோங்கின் 40ஐ 100உடன் ஒப்பிடுவது நியாயமில்லை. 65உடன் ஒப்பிட வேண்டும்.

நம் வட்டாரத்தில் நீராவி மின்சாரம் புதிதல்ல. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு, நம் பெரியவர்கள் ‘லம்பம்’ என்று சொல்வார்களே, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க மாலிம் நாவாரில் 1928இலேயே ஒரு நீராவி மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. செண்டரோ அணை வந்தது அதற்குப் பிறகு, 1930இல். அந்தக் காலத்தில் 20 விழுக்காடு பயனுறுதிறன் கிடைத்தாலே நல்ல நிலையம். அங்கிருந்து 40க்கு வர ஏறக்குறைய 90 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இந்த ஏற்றம் ஒரே பாய்ச்சலில் வரவில்லை. ஒரு பாகை, ஒரு பார் அழுத்தம், ஒரு புது உலோகம் என்று அங்குலம் அங்குலமாக வந்தது.

மஞ்சோங்கில் இந்த வரலாற்றின் இரண்டு கட்டங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கடலோரத்தில் மண் கொட்டி உருவாக்கிய நிலத்தில் சுல்தான் அஸ்லான் ஷா மின் நிலையம் நிற்கிறது. புந்தோங்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அங்கே 2003இல் இயங்கத் தொடங்கிய மூன்று பிரிவுகள் தலா 700 மெகாவாட். 2015இல் நான்காவதும் 2017இல் ஐந்தாவதும் வந்தன. இவை தலா 1000 மெகாவாட். செய்தியில் நமக்குச் சொல்லப்படுவது இந்த மெகாவாட்தான். முக்கியமான வேறுபாடு அது அல்ல. முதல் மூன்று பிரிவுகளின் வகையைச் சேர்ந்த நிலையங்களில் நீராவி பொதுவாக 540 பாகையை ஒட்டியிருக்கும். பயனுறுதிறன் 36 முதல் 38 விழுக்காடு. பிந்திய இரண்டும் ‘சூப்பர் கிரிட்டிக்கல்’ வகையின் மேல்படியைச் சேர்ந்தவை. இந்த வகையில் நீராவி 600 பாகையை நெருங்கும். பயனுறுதிறன் 40ஐத் தாண்டும்.

சூப்பர் கிரிட்டிக்கல் என்றால் என்ன? நீரைச் சூடாக்கினால் கொதிக்கும், குமிழி விடும், ஆவியாகும் என்று நமக்குத் தெரியும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்டக் கொதிநிலை உயரும். கூடவே நீருக்கும் ஆவிக்கும் உள்ள வேறுபாடு குறைந்துகொண்டே வரும். 221 பார் அழுத்தத்தில், 374 பாகையில் அந்த வேறுபாடு முற்றாக மறைந்துவிடுகிறது. அதற்கு மேல் கொதித்தல் என்ற நிகழ்ச்சியே கிடையாது. குமிழி இல்லை, உள்ளுறை வெப்பம் இல்லை. நீர் எப்போது ஆவியானது என்று சுட்டிக்காட்ட ஒரு நொடிகூட இல்லை. நான்காம் படிவத்தில் ‘ஹாபா பெண்டாம்’ படித்து, கொதிக்கும்போது வெப்பநிலை மாறாது என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

சரி, 600 எதற்கு, 900 பாகைக்குப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். எரியும் தீ அதைவிடச் சூடானதுதான். தடுப்பது உலோகம். சிவக்கக் காய்ந்த நிலையில், 250 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தை உள்ளே தாங்கிக்கொண்டு, பல ஆண்டுகள் இரவும் பகலும் நிற்க வேண்டிய குழாய்கள் அவை. அந்தச் சூட்டில் எஃகு உடைவதில்லை. மெல்ல மெல்ல நீள்கிறது. ஆண்டுக்கணக்கில் நீண்டு ஒருநாள் பிளக்கிறது. 700 பாகையைத் தாண்டிப் போக நிக்கல் கலப்பு உலோகங்கள் தேவை. அவற்றின் விலை பல மடங்கு. தமிழ்நாட்டில் இதற்கான முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. 710 பாகை நீராவியில் ஓடக்கூடிய 800 மெகாவாட் நிலையத்துக்கான இந்தியத் திட்டத்தில், கொதிகலன் செய்யும் பெல் நிறுவனமும் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் பங்குபெற்றன. அணு உலைக்காக உலோகம் ஆராய்ந்தவர்கள் நிலக்கரிக் கொதிகலனுக்கு உலோகம் தேடினார்கள். சூட்டில் நீளாத உலோகம் இருவருக்குமே தேவைப்பட்டது.

சூடான பக்கத்தை உயர்த்துவது கடினம் என்றால் குளிர்ந்த பக்கத்தைத் தாழ்த்தலாமா? இங்கேதான் நம் ஊருக்கும் மற்ற ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. டென்மார்க்கில் 1998இல் இயங்கத் தொடங்கிய நார்ட்யில்லாந்து மூன்றாம் பிரிவு 47 விழுக்காட்டைத் தொட்டுப் பெயர்பெற்றது. உடனே, “டென்மார்க்காரர்களால் முடிகிறது, நம்மால் முடியவில்லையா?” என்று கேட்கத் தோன்றும். அவர்கள் நீராவியை இரண்டு தடவை மறுபடி சூடாக்கினார்கள். அது அவர்களுடைய திறமை. ஆனால் அவர்களுக்கு இயற்கை ஒரு பரிசும் கொடுத்திருந்தது: குளிர்ந்த கடல்நீர். அந்தப் பரிசு நமக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. டென்மார்க்கின் எண்ணை நம் நிலையத்தின் நெற்றியில் ஒட்டி மதிப்பெண் போடுவது, வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இருவரை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது போன்றது.

குளிர்ந்த பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அந்தக் காலத்து ரயிலை வைத்துப் பார்க்கலாம். ஈப்போ ரயில் நிலையத்துக்கு வந்துபோன நீராவி இஞ்சின்கள், வேலை முடிந்த ஆவியைப் புகைபோக்கி வழியாகப் ‘புஸ் புஸ்’ என்று வெளியே ஊதிவிட்டன. காற்றின் அழுத்தத்துக்குக் கீழே அந்த ஆவி விரிய வழியில்லை. இறக்கம் பாதி வழியிலேயே நின்றுபோனது. பயனுறுதிறன் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. மின் நிலையத்தில் ஆவி வெளியே விடப்படுவதில்லை. சுழலியைச் சுற்றி முடித்த ஆவி ‘கண்டென்சர்’ என்ற பெரிய கலனுக்குள் போகிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான குழாய்களில் கடல்நீர் ஓடுகிறது. குழாயில் பட்ட ஆவி நீராக மாறும்போது, ஏறக்குறைய 20,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு கிலோ ஆவி, ஒரே லிட்டர் நீராகச் சுருங்கிவிடுகிறது. அங்கே கிட்டத்தட்ட வெற்றிடம் உண்டாகிறது. கலனில் 40 பாகை என்றால், அழுத்தம் காற்றழுத்தத்தில் பதினான்கில் ஒரு பங்கு. 25 பாகைக்கு இறக்க முடிந்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அந்த வெற்றிடம்தான் ஆவியைக் கடைசிச் சொட்டு வேலைவரை இழுக்கிறது.

‘ஆவியை நீராக்காமல் அப்படியே கொதிகலனுக்குத் திருப்பி அனுப்பினால் கடலுக்கு வெப்பம் போகாதே’ என்பது புத்திசாலி மாணவர்கள் கேட்கும் கேள்வி. நல்ல கேள்வி. ஒரு லிட்டர் நீரை 280 பாருக்கு அழுத்துவது எளிது. 20,000 லிட்டர் ஆவியை அந்த அழுத்தத்துக்குக் கொண்டுபோக, சுழலி கொடுத்த வேலை முழுவதையும் திருப்பிக் கொடுத்தாலும் போதாது. கடலுக்குப் போகும் வெப்பம், ஆவியை நீராக்குவதற்கு நாம் கட்டும் கட்டணம்.

கண்டென்சர் குழாய்களுக்குள் கடல்நீர் ஓடினால் பாசியும் சிப்பியும் ஒட்டும். ஒட்டினால் வெப்பம் கடக்காது, வெற்றிடம் குறையும், நிலக்கரிச் செலவு கூடும். உலகின் பல மின் நிலையங்களில் இதற்கு ஒரு வேடிக்கையான தீர்வு இருக்கிறது. பஞ்சு போன்ற ரப்பர் பந்துகளைக் கடல்நீரோடு குழாய்களுக்குள் ஓட விடுகிறார்கள். அவை உட்சுவரைத் துடைத்துக்கொண்டே மறுமுனையில் வரும். பிடித்து மறுபடி விடுவார்கள். நம் முன்னோர் விடியுமுன் சீவிய பால், சூப்பர் கிரிட்டிக்கல் யுகத்திலும் வேலையில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இவை எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைப்பது வேறொன்று. கண்டென்சரிலிருந்து 40 பாகையில் வரும் நீரை நேராகக் கொதிகலனுக்கு அனுப்ப மாட்டார்கள். சுழலிக்குள் பாதி தூரம் போய்விட்ட நீராவியில் கொஞ்சத்தைத் துளை போட்டு வெளியே எடுத்து, அதைக்கொண்டு அந்த நீரைப் படிப்படியாகச் சூடாக்குவார்கள். ஏழெட்டுப் படிகள். கடைசியில் நீர் 300 பாகையை நெருங்கிய பிறகுதான் கொதிகலனுக்குள் நுழையும். இது முட்டாள்தனமாகத் தெரியவில்லையா? சுழலியைச் சுற்ற வேண்டிய ஆவியைத் திருடி, வெறும் நீர் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள்! மின்சாரம் குறையத்தானே செய்யும்?

குறைகிறது, உண்மைதான். ஆனால் நிலக்கரி அதைவிட அதிகமாகக் குறைகிறது. திருடப்பட்ட ஆவி ஏற்கெனவே பாதி வேலை செய்துவிட்டது. அது சுழலியின் கடைசிவரை போயிருந்தால், மிச்ச வேலையைச் செய்துவிட்டுத் தன் உள்ளுறை வெப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்திருக்கும். இப்போது அந்த உள்ளுறை வெப்பம் கொதிகலனுக்கே திரும்பி வருகிறது. கார்னோவின் கணக்கிலும் இது சரியாக வரும். கொதிகலனில் நீர் 40 பாகையில் நுழைந்து 600இல் வெளியேறினால், வெப்பம் உள்ளே போகும் சராசரி வெப்பநிலை 300 பாகையை ஒட்டித்தான் இருக்கும். நுழையும்போதே 300 என்றால் சராசரி 400ஐத் தாண்டிவிடும். அருவியின் சராசரி உயரத்தைக் கூட்டிவிட்டோம். புதிய உலோகம் தேவையில்லை, குளிர்ந்த கடல் தேவையில்லை. குழாய்களை மாற்றி இணைத்தே விழுக்காட்டைக் கூட்டிய அறிவு இது. திறமை என்று இதைத்தான் சொல்வேன்.

இந்த விழுக்காடுகளுக்கு என்ன மதிப்பு? ஒரு கிலோ நிலக்கரி 22 மெகாஜூல் வெப்பம் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, 36 விழுக்காட்டு நிலையத்தில் சுமார் 455 கிராம் நிலக்கரி எரியும். 40 விழுக்காட்டு நிலையத்தில் 410 கிராம். 45 கிராம் வேறுபாடு. ஒரு சின்னப் பொட்டலம் கச்சான் பூத்தே அளவு. ஆனால் 1000 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுச் சுமையில் ஓடினால், அந்தப் பொட்டலங்கள் சேர்ந்து ஏறக்குறைய 1,100 டன் ஆகின்றன. ஒரே நாளில்! அதிலிருந்து வந்திருக்கக்கூடிய கரியமில வாயு 2,000 டன்னுக்கும் மேல். 40இலிருந்து 41க்கு, ஒரே ஒரு படி ஏறினாலும் நாளுக்கு 240 டன் நிலக்கரி மிச்சம். ‘விளக்கை அணையுங்கள்’ என்ற சுவரொட்டி நம் பள்ளிகளில் இருக்கிறது. அது இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் கண்டென்சர் குழாயைச் சுத்தமாக வைத்திருக்கும் தொழில்நுட்பரின் ஒரு நாள் வேலை எத்தனை ஆயிரம் விளக்குகளுக்குச் சமம் என்று யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது வலுவானது. பயனுறுதிறன் எவ்வளவு உயர்ந்தாலும் நிலக்கரி நிலக்கரிதான். புதிய நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் 2021இல் அறிவித்தது; 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்குவது நாட்டின் இலக்கு. ‘திறன்மிக்க நிலக்கரி’ என்ற பெயரைக் காட்டி அதன் ஆயுளை நீட்டுவது தவறு என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகிறேன். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது நிலக்கரிப் பிரிவுகள் சுமையைக் குறைத்து ஓட வேண்டிவரும். பாதிச் சுமையில் அந்த 40 விழுக்காடு கிடைக்காது. சில படிகள் இறங்கிவிடும். ஆகவே திறப்பு விழாவில் சொல்லப்படும் எண்ணுக்கும் ஆண்டு முழுதும் கிடைக்கும் எண்ணுக்கும் இடைவெளி உண்டு. எண்ணைச் சொல்பவரிடம் ‘எந்தச் சுமையில்?’ என்று கேட்கப் பழகுங்கள்.

அதே வேளை, நீராவியின் கதை நிலக்கரியோடு முடிவதில்லை. மஞ்சோங்கிலிருந்து வெகு தூரம் இல்லை, அதே கடற்கரையில் லுமுட்டை அடுத்த செகாரியில் 1990களிலிருந்து ஓர் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. அது கூட்டுச் சுழற்சி வகை. எரிவாயு முதலில் ஒரு சுழலியில் எரிந்து அதைச் சுற்றுகிறது. அங்கிருந்து வெளியேறும் புகையே 500, 600 பாகை. அந்தப் புகையில் நீராவி தயாரித்து இரண்டாவது சுழலியைச் சுற்றுகிறார்கள். முதல் எந்திரத்தின் கழிவு இரண்டாவது எந்திரத்தின் உணவு. இந்த வகையின் இன்றைய நிலையங்கள் 60 விழுக்காட்டை எட்டியிருக்கின்றன. எந்த உலோகமும் நீராவிக் குழாயாக நிற்க முடியாத சூட்டில் தொடங்கி, கடலின் வெப்பநிலைவரை இறங்குவதுதான் காரணம். அருவி உயரமானது.

இனி நான் தொடக்கத்தில் சொன்ன தோட்டத்துக்கு வருகிறேன். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட இடங்களிலெல்லாம் ஆலைகள் வந்தன. நாடு முழுதும் ஏறக்குறைய 450 செம்பனை ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பாய்லர் வீடு. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் ஓட்டையும் எரித்து, 20 பாரை ஒட்டிய அழுத்தத்தில் நீராவி செய்கிறார்கள். அது ஒரு சிறு சுழலியைச் சுற்றி ஆலைக்கு மின்சாரம் தருகிறது. எரித்த வெப்பத்தில் மின்சாரமாவது மூன்று, நான்கு விழுக்காடுதான். மாலிம் நாவாரைவிட மோசம்! சிரிக்காதீர்கள். சுழலியிலிருந்து வெளியேறும் ஆவி அங்கே கண்டென்சருக்குப் போவதில்லை. 3 பார் அழுத்தத்தில், 140 பாகையை ஒட்டிய சூட்டில், அது நேராகப் பழக்குலைகளை அவிக்கும் பெரிய கலனுக்குப் போகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பழம் அவிகிறது. மஞ்சோங் கடலுக்குக் கொடுக்கும் உள்ளுறை வெப்பத்தை இந்த ஆலை பழத்துக்குக் கொடுக்கிறது. மின்சாரத்தையும் பயன்பட்ட வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், எரிபொருளில் பாதிக்கு மேல் உருப்படியான வேலை செய்திருக்கும்.

40 பாகைக் கடல்நீரை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். நம் ஊர் வெயிலில் அதற்கு என்ன பயன்? டென்மார்க்கில் மின் நிலையத்து வெப்பம் வீடுகளைச் சூடாக்கப் போகிறது. நமக்கு அந்தத் தேவையே இல்லை. 140 பாகை ஆவிக்கு நம் நாட்டில் தேவை இருக்கும் இடங்களில் முக்கியமானது செம்பனை ஆலை. ஆகவே அடுத்த விழுக்காடுகளை அங்கே தேட வேண்டும் என்பது என் வாதம். 20 பார் கொதிகலனை 60 பாருக்கு உயர்த்தி, பல படிகள் கொண்ட சுழலி வைத்தால், பழத்தை அவிக்க வேண்டிய அதே ஆவி கீழே வருவதற்குள் இப்போதையதைப்போல் மும்மடங்கு மின்சாரம் தரக்கூடும். அதோடு, பெரும்பாலும் எரிக்கப்படாமல் போகும் வெற்றுக் குலைகள் இருக்கின்றன. 100 கிலோ பழக்குலையில் 22 கிலோ அவைதான். அவற்றில் பாதிக்கு மேல் ஈரம் என்பதால் அப்படியே எரிக்க முடியாது. வெப்பம் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். பிழிந்து, உலர்த்தி எரிக்க வேண்டும். நெய்வேலியில் ஈரமான பழுப்பு நிலக்கரியோடு பல பத்தாண்டுகளாகப் போராடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும்.

ஏன் இது பரவலாக நடக்கவில்லை? தொழில்நுட்பம் இல்லாமல் அல்ல. நாரும் ஓடும் இலவசமாகக் கிடைத்ததால் மிச்சப்படுத்த யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. பல ஆலைகளில் கொதிகலனுக்குக் கழிவை எரித்துத் தீர்ப்பதும் ஒரு வேலையாக இருந்தது. ஆலைகள் மின்கம்பிகளிலிருந்து தொலைவில் இருக்கின்றன. இப்போது ஓட்டுக்கு ஜப்பானில் நல்ல விலை கிடைப்பதால் எரிப்பதைவிட விற்பதே லாபம் என்ற கணக்கும் சேர்ந்திருக்கிறது. 2011இன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் உயிர்ப்பொருள் மின்சாரத்துக்கும் விலை நிர்ணயித்துக் கதவைத் திறந்தது. கதவுக்குள் நுழைந்தவர்கள் குறைவு. ஒரு 1000 மெகாவாட் நிலையத்துக்கு ஓடும் கவனத்தில் நூறில் ஒரு பங்கு இந்த 450 பாய்லர் வீடுகளுக்கு வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாய்லர் வீடுகளில் ஆள் தேவையும் இருக்கிறது. நீராவிக் கொதிகலனைச் சான்றிதழ் இல்லாதவர் பொறுப்பேற்று நடத்த முடியாது. அதற்கான தகுதித் தேர்வுகளை நடத்துவது ஜே.கே.கே.பி. எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. கொதிகலன் இயக்குநர், அதற்கு மேலே நீராவிப் பொறியாளர் என்று படிகள் உண்டு. படிவம் 4, 5இல் இயற்பியல் எடுத்தவர்களுக்குப் பாடம் புதிதாக இராது. ஆனால் புத்தகம் மட்டும் போதாது. பாய்லர் வீட்டில் சில காலம் வேலை பார்த்த அனுபவமும் கேட்பார்கள். சூடும் இரைச்சலும் கொஞ்சம் அதிகம்தான்.